மூடப்பட்டுவிட்டதாகத் தெரிகிறது

முருங்கன்
2025 செப்டெம்பர் 4

பெற்றிசியாவுக்கு,

உங்கள் அண்ணா மில்ரன் கேட்டுக்கொண்டதற்காக எழுதுகிறேன். எங்கள் ஜஸ்ரினுடைய ஞானஸ்நானத்தன்று சாப்பிடாமல் எழும்பிப் போனதிலிருந்து நீங்கள் என்னை வட்ஸ்அப்பில் புளொக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். நாலு மாதம். ஆகவே ஈமெயில்.

தாழ்வுபாட்டு விடுதிக்குப் புது ஆட்கள் வருவது நின்றுவிட்டது, வாற சீசனுக்கு ஒரு புக்கிங்கும் இல்லை என்று உங்கள் அண்ணா சொன்னார். "உன்ர வேலை இதுதானே, பிள்ளை நித்திரையானாப் பிறகு ஒருக்காப் பாரன்" என்றார். பார்த்தேன்.

என் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். முந்தி ஆட்கள் இன்ரநெற்றில் தேடினால் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றாய்த் திறந்து பார்ப்பார்கள். இப்போது தேடுவதில்லை, கேட்கிறார்கள். 'மன்னாரில் பூநாரை பார்க்கப் போனால் எங்கே தங்கலாம்?' என்று ஏஐயிடம் கேட்டால் அது இரண்டு மூன்று பெயர் சொல்லும். அந்த மூன்றுக்குள் இல்லாத இடம் பூமியிலேயே இல்லாத இடம் மாதிரித்தான். ஒரு வியாபாரத்தின் வெப்சைற் அந்த மூன்றுக்குள் வருகிறதா, வராவிட்டால் ஏன், என்று சோதித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. கொழும்பில் ஒரு கொம்பனிக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன்.

உங்கள் 'பூநாரை இல்ல'த்துக்காக மூன்று ஏஐகளிடம் இருபத்தைந்து கேள்விகள் கேட்டேன். எழுபத்தைந்து பதில்களில் ஒன்றில்கூட உங்கள் பெயர் இல்லை. தலைமன்னாரில் சரிபுதீன் என்பவர் நடத்துகிற கபானா விடுதி முப்பத்தொரு தரம் வந்தது.

முழு றிப்போட் பதினாலு பக்கம், இணைத்திருக்கிறேன். முக்கியமானதை மட்டும் சொன்னால், சாப்பாட்டு விபரத்தைப் பலகையில் எழுதிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருக்கிற எழுத்தை மெஷின் வடிவாய் வாசிக்காது. விலாசம் மூன்று இடத்தில் மூன்று விதம். ஒரு இடத்தில் இருக்கிற ரெலிபோன் நம்பர் மாமாவுடையது, அவர் காலமாகி மூன்று வருசம். எல்லாவற்றையும் விட, 'சொர்க்கத்துக்கு வருக' என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் இருக்கிற எல்லா விடுதியும் அப்படித்தான் எழுதுகிறது. பூநாரை எந்த மாதம் வரும், எங்கே நின்று பார்க்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. ஆட்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்கிற இடத்தைத்தான் மெஷின் எடுத்துச் சொல்லும்.

திருத்தினால் அறிவியுங்கள், திரும்பச் சோதிக்கிறேன்.

இப்படிக்கு,
நிறஞ்சலா மில்ரன்

ஜஸ்ரினுக்கு கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது. உங்கள் அண்ணா சொல்லியிருப்பார். எல்லாம் உங்களுக்குத்தானே முதலில் சொல்லப்படுகிறது.

*

தாழ்வுபாடு
செப்டெம்பர் 7

நிறா,

எப்ப இருந்தடி நான் உனக்கு நீங்கள்? கம்பஸ் ஹொஸ்ரலில என்ர சீப்பாலதான் ரெண்டு வருசம் தலை இழுத்தனி. இப்ப என்ர அண்ணாவைக் கட்டினாப் பிறகு நான் நீங்களா?

பதினாலு பக்கமும் வாசிச்சன். ரெண்டாம் வருசத்தோட படிப்பை விட்டவள் எண்டாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பன். பூமியில இருக்கிற எல்லாப் பிழையும் என்ர வெப்சைற்றிலதான் இருக்குப் போல. அதைச் செய்து தந்த றுஸ்தி உன்ர றிப்போட்டைப் பார்த்திட்டு, "அக்கா, இவ டொக்டரா, ஜட்ஜா?" எண்டு கேட்டான். ரெண்டும்தான், எனக்கு மச்சாளும் எண்டன்.

ஐயாட நம்பரை நான் வேணுமெண்டுதான் போட்டனான். அதை விடு.

நீ சாப்பிடாமல் எழும்பிப் போனது எண்டு எழுதியிருக்கிறாய். ஏன் எழும்பினனான் எண்டு எழுதேல்லை. முதல் பிள்ளைக்குத் தேப்பன்ர சகோதரிதான் ஞானத்தாய். இந்தத் தீவில நாய்க்கும் தெரிஞ்ச முறை. நான் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைச்சு, தொப்பியும் பின்னி, பெட்டியில வைச்சுக்கொண்டு கோயில் வாசலில வந்து நிக்கிறன். உள்ள பார்த்தால் உன்ர அக்கா றஞ்சிதா மெழுகுதிரியோட நிக்கிறா. பிள்ளை வேற சட்டையில. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அண்ணா நிலத்தைப் பார்த்தான். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துச் சிரிச்சாய்.

அந்தச் சிரிப்புக்குத்தான் புளொக்.

வேலை விசயத்துக்கு வாறன். சொன்னதெல்லாம் திருத்துறன். ஆனால் உன்ர பதினாலு பக்கத்திலயும் இல்லாத ஒண்டு இருக்கு. சரிபுதீன் காக்கான்ர வெப்சைற்றை நான் போய்ப் பார்த்தன். ஒரு கட்டில், ஒரு தென்னை, அவற்ற மோட்டச்சைக்கிள். அவ்வளவுதான். என்ரயை விடக் கேவலம். அவர் முப்பத்தொரு தரம் வாறார். நான் ஒருக்காலும் வரேல்லை. குறைய வந்தால் விளங்கும். ஒருக்காலும் வராமல் விடுறதுக்கு வேற ஏதோ இருக்கவேணும். நீ படிச்சவள், சொல்லு.

பெற்றி

*

முருங்கன்
செப்டெம்பர் 21

பெற்றி,

சரி, நீ.

சிரித்தது உண்மை. ஏன் சிரித்தேன் என்று நானும் கனநாள் யோசித்துவிட்டேன். சொல்கிறேன், கேள். போன வருசம் ஆடி மாதம் ஜஸ்ரின் என் வயிற்றில் நாலு மாதம். நீ ஐயாவின் வீட்டை விடுதியாக்கி ஒரு வருசத்துக்குப் பிறகு, அதற்கு ஒரு வெப்சைற் வேணும் என்று யோசித்திருக்கிறாய். அதே கம்பியூட்டர் படிப்பைப் படித்து, முதல் வகுப்பில் பாஸ் பண்ணி, உன் அண்ணாவையே கட்டி, ஒரு மணித்தியாலத் தூரத்தில் நான் இருக்கிறேன். நீ போய் மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கிற றுஸ்தியிடம் குடுத்தாய். எனக்குத் தெரிய வந்தது எப்படி என்று தெரியுமா? மில்ரன் போனில் காட்டினார். "எப்பிடி இருக்கு தங்கச்சின்ர வேலை?" என்று. நன்றாயிருக்கு என்றேன். பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதேன். "வயித்தில பிள்ளையோட இருக்கிறாள், அவளுக்கு ஏன் கரைச்சல்" என்று நீ சொன்னதாய்ச் சொன்னார். எனக்குக் கரைச்சல் என்று முடிவெடுக்க நீ ஆர்?

ஞானத்தாய்க்கு றஞ்சிதாக்காவைக் கேட்டபோது எனக்கு அந்தக் குசினிதான் ஞாபகம்.

இது நியாயம் என்று நான் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நீ புதிதாக எழுதின பக்கம் பார்த்தேன். கேள்வியும் பதிலுமாய் எழுதச் சொன்னேன், ஆனால் இப்படி எழுதுவாய் என்று நினைக்கவில்லை. 'பூநாரை எப்ப வரும்? அதுகளுக்கு விருப்பமான நேரம் வரும். வாடைக்காத்துத் தொடங்கி, மழைத்தண்ணி உப்புத்தண்ணியோட கலந்து, அதுகளின்ர முழங்காலளவு நிக்கவேணும். கார்த்திகை கடைசியிலிருந்து பார்க்கலாம். கிட்டப் போகாதையுங்கோ. ஒண்டு எழும்பினால் எல்லாம் எழும்பும், பிறகு நீங்கள் வெறும் தண்ணியைத்தான் பார்ப்பீங்கள்.' அதற்குக் கீழே, 'கழுதை கடிக்குமா? கடிக்காது. ஆனால் கதவைத் திறந்து விட்டிட்டுப் போனால் உங்கட பாணைச் சாப்பிடும். விடுதி பொறுப்பேற்காது.'

மில்ரன் இதைச் சத்தமாய் வாசித்து வாசித்துச் சிரித்தார். பிள்ளை என் தோளில். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். இந்த வீட்டில் நாங்கள் கதைப்பது பால்மா, காய்ச்சல், கரண்ட் பில். அவர் வாய்விட்டுச் சிரிப்பதற்கு உன் எழுத்து வேணும். சனிக்கிழமை விடிய உன்னிடம் வர மோட்டச்சைக்கிளை எடுக்கிறபோது விசில் அடிக்கிறார். பின்னேரம் நண்டுப் பையோடு வந்து, "அவள் தனியாளா எல்லாத்தையும் எப்பிடிக் கொண்டு போறாள் பார்" என்கிறார். நான் தனியாள் இல்லையாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் ரைப் பண்ணுகிறவள் தனியாள் இல்லை.

நான் கூலிக்கு எழுதுகிற எந்த வெப்சைற்றிலும் உன் கழுதை மாதிரி ஒரு வரி வந்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய். பிடித்ததுதான் பிடிக்கவில்லை.

திரும்பவும் சோதித்தேன். இன்னும் நீ வரவில்லை.

சரிபுதீன் காக்காவைப் பற்றிக் கேட்டாய். அதற்குப் பதில் இருக்கிறது. பிள்ளை எழும்பிவிட்டான், பிறகு எழுதுகிறேன்.

நிறா

*

தாழ்வுபாடு
ஒக்ரோபர் 5

நிறா,

ரெண்டு கிழமை பார்த்தன். பிறகு எழுதுறன் எண்டாய். பிள்ளை இன்னும் அழுறானா?

நீ சொன்ன எல்லாம் திருத்தியாச்சு. விலாசம், படம், ஐயாட நம்பர். ஐயாட நம்பரை எடுத்த அண்டு எனக்குச் சோறு இறங்கேல்லை. எடுத்தன். ஒருத்தரும் வரேல்லை. போன வருசம் இந்த நேரம் கார்த்திகைக்கு ஏழு புக்கிங். அதெல்லாம் பழைய ஆக்கள். அவையும் வருசம் வருசம் வருவினமோ? புது ஆக்கள் வந்தால்தானே நாளைக்குப் பழைய ஆக்கள்.

இப்ப ஒண்டு சொல்லப்போறன். அண்ணாக்கு இன்னும் சொல்லேல்லை, நீயும் சொல்லாதை. ஒரு கட்டிட வேலைக் கொம்பனி தங்கட இஞ்சினியர்மார் இருக்க வீடு தேடித் திரியுது. எங்கட வீட்டை முழுசாக் கேக்கினம், அஞ்சு வருசத்துக்கு. அறையைப் பிரிப்பினம், முத்தத்துப் பெருக்கமரத்துக்குக் கீழ சீமெந்து போட்டு வாகனம் விடுவினம். நான் நீர்கொழும்புக்குப் போய்ச் சின்னம்மாவோட இருக்கலாம் எண்டு யோசிக்கிறன். அங்க ஒரு கடையில வேலை இருக்காம். இந்த மாதம் முப்பத்தொண்டு காலமை பத்து மணிக்கு லோயரின்ர கந்தோரில கையெழுத்து.

விரும்பித்தான் போறன் எண்டு நினையாதை. விடிய எழும்பி ஆறு கட்டிலுக்கும் விரிப்பு விரிச்சு, ஒருத்தரும் படுக்காமல், பின்னேரம் அதையே உதறி மடிக்கிறன். எத்தினை நாளைக்கு?

நீ குசினிக்குள்ள அழுததை வாசிச்சன். கரைச்சல் எண்டு சொன்னது சாட்டு. உண்மை என்னெண்டால், உன்னட்டத் தந்திருந்தால் நீ எனக்குப் பக்கத்தில இருந்து விளங்கப்படுத்தியிருப்பாய். பொறுமையா, அன்பா. ஐயாக்குப் பாரிசவாதம் வந்து நான் படிப்பை விட்டிட்டு பஸ் ஏறினபோது நீ ஹொஸ்ரல் வாசலில நிண்டு கை காட்டினாய். பிறகு நீ உள்ள போனாய், லெக்சருக்கு. நான் கட்டிக்கொண்டு வந்த கொப்பியள் இன்னும் அலுமாரியில கிடக்கு. நான் விட்ட படிப்பை நீ எனக்கு அன்பா விளங்கப்படுத்துறதைப் பார்க்க என்னால ஏலாது. றுஸ்திக்கு ஒண்டும் தெரியாது. அதுதான் அவனட்டக் குடுத்தனான்.

பொறாமை உனக்கு மட்டும் பட்டயம் எழுதித் தந்த சொத்தோ?

பெற்றி

*

முருங்கன்
ஒக்ரோபர் 8

பெற்றி,

இதை நாலு தரம் எழுதி அழித்துவிட்டேன். இனி அழித்தால் அனுப்பமாட்டேன், ஆகவே பிழையோடு போகட்டும்.

நான் இருபத்தைந்து கேள்வி கேட்டேன் என்று எழுதினேன். இருபத்தாறு கேட்டேன். கடைசிக் கேள்வி, 'தாழ்வுபாடு பூநாரை இல்லம் எப்படியான இடம்?' எந்தச் சோதனையிலும் இடத்தின் பெயரைச் சொல்லியே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். மூன்று ஏஐயும் ஏறக்குறைய ஒரே பதில் சொன்னது. அதை அப்படியே கீழே தருகிறேன்.

'இந்த விடுதி மூடப்பட்டுவிட்டதாகத் தெரிகிறது. உரிமையாளர் மடு என்ற இடத்துக்குச் சென்றுவிட்டார்.'

எங்கிருந்து எடுத்ததென்று தேடினேன். அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்தேன். போன வருசம் ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகமுன் நீ றுஸ்தியைக் கொண்டு ஒரு அறிவித்தல் போட்டிருக்கிறாய். 'மடுவுக்குப் போறம். வீடு பூட்டு.' இங்கிலிசிலும் அதேதான். எந்த வருசம் என்று இல்லை. எப்போது திரும்பி வருவாய் என்றும் இல்லை. அதை ஏன் எழுதப் போகிறாய், மன்னாரில் மடுவுக்குப் போகிறவர் ஓகஸ்ட் பதினைந்து பெருநாள் பூசை முடிய, தங்கப் போட்ட கொட்டிலைப் பிரித்துக்கொண்டு அடுத்த நாள் வீட்டில் நிற்பார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. நீ திரும்பி வந்த பிறகு றுஸ்தி முன்பக்கத்தில் இருந்த லிங்க்கை மட்டும் எடுத்திருக்கிறான். அந்தப் பக்கம் உள்ளே அப்படியே கிடக்கிறது. நாங்கள் ஒருவரும் காணமாட்டோம், மெஷின் ஒவ்வொரு முறையும் வாசிக்கும். பூட்டிப்போன விடுதியை அது ஏன் ஒரு வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லப்போகிறது? பதினாலு மாதமாய் நீ மடுவிலேயே இருக்கிறாய்.

இது றிப்போட்டில் முதலாம் பக்கமாய் இருந்தது. எழுதி முடித்தது ஒரு சனிக்கிழமை. மில்ரன் உன் வீட்டிலிருந்து வந்தார். நான் பிள்ளையைக் கொண்டு வாசலுக்கு வந்தேன், 'கண்டுபிடிச்சிட்டன்' என்று சொல்லத்தான் வந்தேன். அவர் பிள்ளையை வாங்கவில்லை. பையைக் குசினியில் வைத்துவிட்டு, "பெற்றி வைச்ச நண்டுக்குழம்பு கொண்டந்திருக்கிறன், இண்டைக்கு நீ ஒண்டும் சமைக்காதை, நல்லாச் சாப்பிடுவம்" என்றார். நல்லாச் சாப்பிடுவம். நான் உள்ளே போய் அந்தப் பக்கத்தை அழித்தேன். பதினைந்தைப் பதினாலாக்கினேன். பக்க இலக்கமும் மாற்றினேன். மற்றதெல்லாம் உண்மையான பிழைகள்தான், ஆனால் அதெல்லாம் திருத்தினாலும் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐயாவின் நம்பரை எடுக்கச் சொன்னேன்.

உன் கடிதம் வந்தபோது, நீர்கொழும்பு என்று வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது என்னவென்றால், இனிச் சனிக்கிழமை எனக்கு. ஒரு நிமிசம் இருக்கும். பிறகு நீ விரிப்பை விரித்து மடிப்பதை வாசித்தேன். இரண்டையும் எழுதிவிட்டேன்.

அந்தப் பக்கத்தின் முகவரி கீழே இருக்கிறது. றுஸ்தியிடம் குடுத்து உடனே அழிக்கச் சொல். நான் ஒரு மாதம் உன்னை மூடி வைத்திருந்தேன். முப்பத்தோராம் திகதி கையெழுத்து வைக்க முதல் இதை நீ தெரிந்திருக்க வேணும்.

நிறா

*

தாழ்வுபாடு
ஒக்ரோபர் 8

வாசிச்சன். பக்கம் அழிச்சாச்சு.

இப்ப வேற ஒண்டும் எழுதேல்லை. எழுதினால் நாளைக்கு நற்கருணை எடுக்க ஏலாது. நீயே அண்ணாக்குச் சொல்லு. நான் சொல்லமாட்டன். சொன்னாப் பிறகு எனக்கு அறிவி.

*

முருங்கன்
ஒக்ரோபர் 19

பெற்றி,

பன்னிரண்டாம் திகதி மில்ரனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், லேசாய்ப் போயிருக்கும். கதிரையில் இருந்து கடிதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தார், உன்னுடையதும் என்னுடையதும். கொம்பனிக்குக் குடுக்கப் போகிறாய் என்பதையும் அதில்தான் கண்டார். அதைச் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய், ஆனால் அதை மறைத்து மற்றதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. வாசித்து முடித்து, "நண்டுக்குழம்போ?" என்று கேட்டார். ஓம் என்றேன். எழும்பிப் போய்ப் பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்துக்கொண்டார். ஒரு கிழமையாய் என்னோடு தேவைக்குத்தான் கதை. நேற்றுச் சனிக்கிழமை அவர் உன்னிடம் வரவில்லை, உனக்குத் தெரியும். என்னிடமும் இருக்கவில்லை. குளத்துப் பக்கம் போய் இருந்துவிட்டு இருட்ட வந்தார்.

வேலை விபரம். நீ பக்கத்தை அழித்தது போதாது. அந்த அறிவித்தலைப் பார்த்து மூன்று சுற்றுலா வெப்சைற்றுகள் தங்கள் பட்டியலில் உன் பெயருக்குப் பக்கத்தில் 'மூடப்பட்டது' என்று போட்டிருக்கின்றன. ஏஐ இப்போது அவர்களிடமிருந்து வாசிக்கிறது. மூவருக்கும் எழுதினேன். இரண்டு பேர் திருத்திவிட்டார்கள். மூன்றாவது பதில் இல்லை, நாளுக்கொரு தரம் எழுதுகிறேன். உன் முன்பக்கத்தில் போட ஒரு வரி எழுதி றுஸ்திக்கு அனுப்பினேன். 'வருசம் முழுவதும் திறந்திருக்கும். ஓகஸ்ட் 5 முதல் 16 வரை மட்டும் மடுத் திருவிழாவுக்காக மூடியிருக்கும், 17ஆம் திகதி திரும்பத் திறக்கும்.' றுஸ்தி எடுத்துக் கதைத்தான். பாவம், அவன் தன்னில்தான் முழுப் பிழையும் என்று நினைக்கிறான். இல்லை, நான்தான் என்று சொன்னேன். "பரவாயில்லை டொக்டர்" என்றான்.

நேற்று மூன்றையும் கேட்டேன். ஒன்று திறந்திருப்பதாகச் சொல்கிறது. ஒன்று 'உறுதிப்படுத்த முடியவில்லை, நேரடியாகத் தொடர்புகொள்ளவும்' என்கிறது. மற்றது இன்னும் நீ மடுவில்தான். இது மாற எவ்வளவு நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கிழமையாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம். முப்பத்தோராம் திகதிக்கு முதல் மாறும் என்று வாக்குத் தரமாட்டேன். கூலி தருகிறவர்களுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவோம். உனக்குச் சொல்லேலாது.

திறந்திருப்பதாகச் சொன்ன அந்த ஒன்று உன் பதிலை அப்படியே எடுத்திருக்கிறது. முழங்காலளவு தண்ணீர், ஒன்று எழும்பினால் எல்லாம் எழும்பும், எல்லாம். கழுதையும் இருக்கிறது. வாசிக்கச் சந்தோசமாய் இருந்தது. அடுத்த நிமிசம் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிவு. எல்லாம் தெரிந்த பிறகும், என்னால் நடந்த பிறகும். அது போகவில்லை பெற்றி. போய்விட்டதென்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதலாம். எழுதிப் பார்த்தேன், ஞானஸ்நானத்தன்று சிரித்தது மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

என்ன முடிவெடுத்தாலும் எனக்கு ஒரு வரி எழுது.

நிறா

*

தாழ்வுபாடு
நவெம்பர் 2

நிறா,

இண்டைக்கு ஆத்துமாக்களின்ர நாள். சவக்காலைக்குப் போய் ஐயாக்கும் அம்மாக்கும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்து எழுதுறன். காத்து, ஒண்டும் நிண்டு எரியேல்லை. வாடை தொடங்கியிட்டுது.

முப்பத்தொண்டு விடிய எட்டு மணிக்கே சீலை உடுத்து ரெடி. ஒன்பதுக்கு உன்ர ஏஐயிட்ட நானே ஒருக்காக் கேட்டுப் பார்த்தன். மூண்டில ஒண்டு அப்பவும் மூடியாச்சு எண்டுதான் சொல்லிச்சு. நான் கதிரையில இருந்து அதை வாசிக்கிறன். வீடு முழுக்கத் திறந்து கிடக்கு, ஆறு அறையும், எல்லா ஜன்னலும், காத்து அங்கால இஞ்சால அடிக்குது. எனக்கு ஒரு விசர் கோவம் வந்திச்சு. உன்னில இல்லை. அது ஆர் எனக்குச் சொல்ல? நான் இஞ்ச நிக்கிறன். பிறகு யோசிச்சன், பத்து மணிக்குக் கையெழுத்து வைச்சால் அது சொல்றது உண்மையாப் போகும். பொய்யை நானே போய் மெய்யாக்கிக் குடுக்கிறதோ?

போகேல்லை. லோயர் நாலு தரம் எடுத்தார். அஞ்சாந்தரம் தூக்கி, வீடு வாடகைக்கு இல்லை எண்டு சொன்னன். "ஏன் தங்கச்சி, ஆக்கள் வருகினமோ?" எண்டு கேட்டார். இல்லை, ஒருத்தரும் வரேல்லை எண்டன். அவருக்கு விளங்கேல்லை. எனக்கும் முழுசா விளங்கேல்லை. இந்த சீசன் மீன் வாங்கக் காசு காணாமல் போனால் கருவாட்டோட சமாளிப்பன்.

அண்ணா நேற்று வந்தான். கிணத்தடிக் குழாயைத் திருத்தினான். போகேக்க நான் நண்டுக்குழம்பு கட்டிக் குடுக்க, வேண்டாம் எண்டிட்டான். "எனக்கு வேற வீடு இருக்கு, அங்க சமைச்சிருப்பாள்" எண்டான். அவன் உன்னோட கதைக்கிறானோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் இதைச் சொல்லவேணும் போல இருந்திச்சு. சொல்லேக்க எனக்கு வயிறு எரிஞ்சது. அதையும் சொல்லிப்போட்டன், கணக்குச் சரி.

உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதை. பாவசங்கீர்த்தனம் செய்யிறதெண்டால் சுவாமியிட்டப் போ, அவருக்கு அதுதான் வேலை. ஒரு மாதம் நான் விரிப்பு உதறேக்க உனக்குக் காரணம் தெரியும். அது எனக்கு லேசில மறக்காது. மறந்தால் சொல்றன்.

ஆனால் இந்த வெப்சைற்றை றுஸ்தியால கொண்டு போக ஏலாது, அவனே சொல்றான். எனக்கு இந்த வேலை தெரியவேணும். ஏஐ என்னத்தை எங்க வாசிக்குது, ஆர் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கினம் எண்டு மாதம் மாதம் நானே பார்க்கவேணும். இனி ஒருத்தரும் என்னை எனக்குத் தெரியாமல் பூட்டக் கூடாது. நீ வந்து காட்டித் தரவேணும். ஈமெயிலில வேண்டாம். பதினாலு பக்கமும் வேண்டாம். பக்கத்தில இருந்து காட்டு. அன்பா விளங்கப்படுத்தினால் எழுப்பி விடுவன்.

வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில வா. மன்னாரில இறங்கினால் ஓட்டோ அனுப்புறன். அண்ணாவை விட்டிட்டுப் பிள்ளையோட வா. ரெண்டு நாள் நில். மூண்டாம் அறையில விரிப்பு விரிச்சிருக்கிறன், அதை இந்த முறை ஆரும் படுத்துக் கசக்கவேணும்.

என்னில பொறாமைப்படுறதெண்டால் முருங்கனில இருந்து படாதை. இஞ்ச வந்து, என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு படு. நானும் உன்ரயைப் பார்த்துக்கொண்டு படுறன்.

பெற்றி

வட்ஸ்அப்பைத் திறந்து விட்டிருக்கிறன். பஸ் ஏறினவுடன ஒரு மெசேஜ் போடு. அதுக்கு மட்டும்.